மனைவிமார்களைக் கவனித்துக்கொண்டவள்

எனக்குக் கால்பந்து புரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். டொலீடோ ஹெரான்ஸ் அணியில் இத்தனை வருடம் வேலை பார்த்தேன். கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு எதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்தார்கள் என்பதே இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் எழுந்து கத்தும்போது நானும் எழுந்து கத்துவேன். ஒருமுறை எதிரணிக்காகக் கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் வேடிக்கைக்குச் செய்ததாக நினைத்துச் சிரித்தார்கள். என் நல்ல பெயரில் பாதி இப்படிக் கிடைத்ததுதான்.

என் வக்கீல் போலீஸ் விசாரணையில் உங்கள் முன்னால் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பாவம், அவருக்கு என்னைத் தெரியாது. பேசாமல் இருப்பது எனக்கு வராது. மற்றவர்களைப் பேசாமல் இருக்க வைப்பதுதான் எனக்கு வரும்.

பதவியின் பெயர் குடும்ப நலப் பொறுப்பாளர். புதிதாக ஒரு வீரன் வந்தால் அவன் மனைவிக்கு வீடு பார்த்துக் கொடுப்பேன். குழந்தைக்குப் பள்ளி, வாரம் ஒருமுறை வந்து வீடு துடைக்க ஆள், நகத்துக்குச் சாயம் பூசுகிற நல்ல கடை, எல்லாம் என் பொறுப்பு. அதற்கு முன்னால் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தேன். "வலிக்கவே வலிக்காது" என்று நான் சொல்வதைக் கேட்டு உள்ளே போனவர்கள், கண்ணீரோடு வெளியே வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அணியின் மேலாளர் ரஸ் டெலஹன்டி அங்கே கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவர்தான். வெளியே வந்ததும், வீங்கிய வாயோடு எனக்கு வேலை கொடுத்தார். அவருடைய பல் பிடுங்கப்பட்ட நாளில் என் திறமை கண்டுபிடிக்கப்பட்டது.

ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது மனைவிமார்களுக்கு ஒரு மதிய விருந்து வைப்போம். அதில் நான் பேசுவேன். "வீட்ல ஏதாவது சத்தம் சண்டைன்னா முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க. போலீஸ் நம்பரை அமுக்குறது சுலபம், அமுக்கினதை அழிக்கத்தான் முடியாது" என்பேன். கை தட்டுவார்கள். நல்ல வாக்கியம் என்று எனக்கே தோன்றும். அடிபட்ட பெண்கள் தங்குகிற ஊர்க் காப்பகத்தின் ஆலோசனைக் குழுவிலும் நான் இருந்தேன் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். சிரிக்க வேண்டுமென்றால் தாராளமாகச் சிரியுங்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆட்ராவை எனக்குப் பிடிக்கும். நெப்ராஸ்காக்காரி. குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அகலமான தோள், சத்தமான சிரிப்பு. அவள் கணவன் டேன் ஹாலன்பெக்தான் எங்கள் அணிக்குப் பந்து எறிகிறவன். அவன் எறிந்தால்தான் மற்றவர்கள் பிடிக்க முடியும், பிடித்தால்தான் ஓட முடியும் என்கிற அளவுக்கு எனக்கும் ஆட்டம் தெரியும். ஊரே அவனுடைய வலது கையைப் பற்றித்தான் பேசும். அந்தக் கைக்குச் சுளுக்கு என்றால் மாதா கோயிலில் பிரார்த்தனை நடக்கும். நானும் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்.

முதல்முறை ஆட்ரா கூப்பிட்டது, ஹெரான்ஸ் சொந்த மைதானத்திலேயே தோற்ற ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கோழி பாப்ரிகாஷ் செய்து வைத்திருந்தேன். என் அம்மா ஹங்கேரியிலிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து அந்தச் செய்முறை. பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு போனேன். யாருக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் நான் அதைத்தான் எடுத்துக்கொண்டு போவேன். எத்தனை பேர் அழுதுகொண்டே அதைச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் உப்பு குறைவாகப் போட்டது நல்லதாகப் போயிற்று.

ஆட்ரா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் வீங்கி உயர்ந்திருந்தது. மணிக்கட்டை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடியிருந்தாள். குழந்தை நோரா மேசைக்கு அடியில் பொம்மைப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். டேன் வண்டி நிறுத்துகிற இடத்தில் காருக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நான் முதலில் அவனிடம்தான் போனேன். அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. ஆட்ரா அழவில்லை.

ரஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

"கை எப்படி இருக்கு?" என்றார்.

"வீங்கியிருக்கு. மணிக்கட்டு பிசகியிருக்கும்னு நினைக்கிறேன்."

"ஐயோ கடவுளே. வலது கையா?"

"இடது கை. ஆனா அவ இடக்கைக்காரிதான்."

"அவ கையா? இலோனா, நான் அவன் கையைக் கேட்டேன்."

அவன் கை நன்றாக இருந்தது. அதைச் சொன்னதும் அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. சொல்லப்போனால் நானும் மூச்சு விட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஆட்ரா கேட்டாள். "எதுக்குக் கண்ணு, டாக்டரே வீட்டுக்கு வர்றாரு" என்றேன். அணியின் டாக்டர் பின்வாசல் வழியாக வந்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டபோது ஆட்ரா என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே. "நாய் தடுக்கி விழுந்துட்டா" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார். அவர் போன பிறகுதான் ஆட்ரா மெதுவாகச் சொன்னாள்: "இலோனா, எங்க வீட்ல நாய் இல்லையே."

இத்தனை வருட அனுபவம் எனக்கு. படிக்கட்டு என்று சொல்லியிருக்கலாம், குளியலறை என்று சொல்லியிருக்கலாம். நாய்.

இதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குச் சொல்லிவிட்டிருந்தார். எங்கள் பாதுகாப்பு அதிகாரி வெண்டல் முன்னாள் போலீஸ்காரர். அவர் வாசலிலேயே நின்று பழைய சகாக்களோடு மீன்பிடிப்பதைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் விடவில்லை. பத்திரிகையில் வந்துவிட்டது. பத்திரிகையில் வந்துவிட்டால், எல்லா அணிகளுக்கும் மேலே இருக்கிற லீக் விசாரித்தே ஆக வேண்டும். வராவிட்டால் விசாரிக்க ஒன்றுமில்லை. விதி அப்படி எழுதப்படவில்லை, ஆனால் நடப்பது அப்படித்தான்.

நியூயார்க்கிலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார் என்றதும் நான் நேரே பிராணிகள் காப்பகத்துக்குப் போனேன். அங்கிருந்ததிலேயே வயதான, அசையாத ஒரு நாயைத் தேர்ந்தெடுத்தேன். துருதுருவென்ற நாய் என்றால் நாமே பார்த்துவிடுவோம், தடுக்கி விழ மாட்டோம் என்பது என் வாதம். பழுப்பு நிறம், ஒரு காது பாதிதான் இருந்தது. அதற்குப் பெயர் வைத்து, நோராவுக்கு அந்தப் பெயரைச் சொல்லப் பழக்கி, கம்பளத்தில் கொஞ்சம் முடியும் உதிர்த்துவிட்டு வந்தேன். முடி என் யோசனை. பெருமைப்படுவதற்கு இல்லை, ஆனால் அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

ஆட்ராவுக்கு இரண்டு மத்தியானங்கள் பாடம் எடுத்தேன். நிறையச் சொல்லாதே, பொய் சொல்கிறவர்கள்தான் விலாவாரியாகச் சொல்வார்கள். சிரி, ஆனால் பல் தெரியச் சிரிக்காதே.

"உண்மையைச் சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"டேனுக்கு வேலை போகும். வேலை போனா வீடு, இன்சூரன்ஸ், நோராவோட மூச்சிரைப்பு டாக்டர், எல்லாம் போகும். அப்புறம் அவன் நாள் முழுக்க வீட்லயே இருப்பான் கண்ணு. யோசிச்சுப் பாரு."

இதை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை. அறிவுரையாகத்தான் சொன்னேன். சொல்லும்போது அவள் தலைமுடியைக்கூடக் கோதிவிட்டேன்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஆட்ராவிடம் அக்கறையாகப் பேசினார். அவள் நாய் தடுக்கியதைச் சொன்னாள். நானும் பக்கத்தில் அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். துணை வேண்டும் என்று அவள் கேட்டதாக நான்தான் சொல்லியிருந்தேன். அப்போது டேன் அறைக்குள் வந்தான். அவ்வளவு நேரம் கல்லாகக் கிடந்த நாய் எழுந்து, வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு, சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அதிகாரி குனிந்து பார்த்தார்.

"ரொம்ப பயந்த சுபாவம் போல" என்றார்.

"காப்பகத்துலேர்ந்து எடுத்தது. முந்தின வீட்ல அடிச்சிருக்காங்க" என்றேன்.

"என்ன ஜனங்களோ" என்று அவர் வருத்தப்பட்டார். டேனும் வருத்தப்பட்டான். அந்த அறையில் நாய்க்காக எல்லோரும் ஒரு நிமிடம் மனம் நொந்தோம்.

போதிய ஆதாரம் இல்லை என்று முடிவாயிற்று. இருந்தாலும் லீக் கண்டிப்பானது என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே. டேனுக்கு ஓர் ஆட்டம் தடை. கூடவே கோபத்தை அடக்குவது பற்றிக் கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சி. அவனுக்கு ஆட்டப் பயிற்சி இருந்ததால் அதை நான்தான் உட்கார்ந்து முடித்தேன். ஒரு கேள்விகூடத் தப்பாகவில்லை. கோபத்தை அடக்குவதில் டேன் ஹாலன்பெக் முழுத் தேர்ச்சி பெற்றதாகச் சான்றிதழ் வந்தது. என்னைக் கேட்டால், அதைப் படித்ததிலிருந்து நான் முன்பைவிடப் பொறுமைசாலி ஆகியிருக்கிறேன்.

அவன் திரும்பி ஆட வந்த ஞாயிறன்று, வீட்டு வன்முறைக்கு எதிராக எல்லா வீரர்களும் ஊதா ரிப்பன் அணிந்துகொண்டு வந்தார்கள். அது என் ஏற்பாடு. டேனின் ரிப்பனை நானே குத்திவிட்டேன். அவன் ஓடிவந்ததும் மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. ஆட்ரா மேலே கண்ணாடி அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், மணிக்கட்டில் கட்டோடு.

"இலோனா, எதுக்கு எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க?"

"குளிருது கண்ணு. அதான்."

அவள் அதற்கப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். அதற்கடுத்ததிலும். எனக்கே ஆட்டம் கொஞ்சம் புரிய ஆரம்பித்ததுபோல் இருந்தது.

ஜனவரியில் அரையிறுதி வந்தது. அதற்கு முந்தின வாரம் ஆட்ரா குழந்தையையும் நாயையும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். டேன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தமுறை என்ன நடந்தது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படுக்கையறைக் கதவு கீலோடு பெயர்ந்து கிடந்தது. தச்சரை வரச்சொன்னேன்.

நீங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது, எனக்கு வலித்தது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. என் போன் பக்கத்திலேயேதான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். அவளுக்காக நான் நாயெல்லாம் வாங்கியிருக்கிறேன்.

ரஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆட்ரா ஒரு வக்கீலோடு விசாரணை அதிகாரியைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறாளாம், வியாழக்கிழமை.

"ஞாயித்துக்கிழமை அரையிறுதி, இலோனா. வியாழக்கிழமை அவ வாயைத் திறந்தா யாரு பந்து எறியறது? நீ எறிவியா?"

"எனக்கு எந்தப் பக்கம் எறியணும்னே தெரியாதே" என்றேன். சிரித்தோம்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரு தடவை முகத்துக்கு முகம் உக்காந்து பேசினாங்கன்னா எல்லாம் சரியாயிடும். யாராவது உக்கார வெச்சா நல்லது" என்றார். அவர் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அதை உங்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் எதையும் யாரையும் செய்யச் சொல்கிறவர் இல்லை.

மறுநாள் காலையில் ஆட்ராவே போன் செய்தாள். நோராவுக்கு மூச்சு இரைக்கிறது, அவசரத்தில் இன்ஹேலரை வீட்டிலேயே விட்டுவிட்டேன், மருந்துக் கடையில் கேட்டால் இன்சூரன்ஸ் டேன் பெயரில் இருப்பதால் அவனுக்குச் சேதி போய்விடும், நீங்கள் எடுத்துக்கொண்டு வர முடியுமா என்றாள். போர்ட் கிளின்டனில், ஏரிக்கரையில், கல்லூரித் தோழி ஒருத்தியின் கோடைக்கால வீட்டில் இருந்தாள். குளிர்காலத்தில் அந்தத் தெருவில் ஆள் இருக்காது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க இலோனா. குழந்தைக்காகத்தான் உங்களைக் கேக்குறேன்."

"நான் யார்கிட்டக் கண்ணு சொல்லப்போறேன்."

இன்ஹேலரை எடுக்க டேன் வீட்டுக்குப் போனேன். அவன் குளித்து, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். எனக்குக் காபி போட்டுக் கொடுத்தான். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது.

"அவ எங்க இருக்கான்னு நான் கேக்கலை இலோனாம்மா. கேக்கவும் மாட்டேன். நோராவுக்கு மருந்து போய்ச் சேரணும், அவ்வளவுதான். என் பொண்ணு இல்லையா."

அந்த மென்மையைப் பற்றி ஆட்ரா எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். டேன் கத்தினால் பயமில்லை, கத்திவிட்டுப் போய்விடுவான், சட்டையை மாற்றிக்கொண்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தால்தான் நான் குழந்தையை வேறு அறைக்கு அனுப்புவேன் என்று. அவன் பேசும்போது அது என் நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். வந்தது.

இன்ஹேலரை அவன் கையிலேயே கொடுத்தேன். வீடு எது என்று சொன்னேன். நீல வாசல், பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட படகு. பனியில் வழி தவறக் கூடாதே என்று எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொன்னேன். பிறகு ஆட்ராவுக்குச் செய்தி அனுப்பினேன். நீங்கள் அவள் போனில் பார்த்தது அதைத்தான். "கிளம்பிட்டேன். கதவைத் தட்டினா நான்தான். உடனே திற, குளிர்ல நிக்க வைக்காதே."

பிறகு அலுவலகத்துக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைக்கு மனைவிமார்களின் இருக்கைகளை ஒழுங்கு செய்தேன். ஆட்ராவுக்கு ஜன்னலோரம் போட்டேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், நாய் குரைப்பதை நிறுத்தாததால் எழுந்து வந்து பார்த்திருக்கிறார். கல்லாகக் கிடந்த நாய்தான். ஆட்ராவுக்குத் தாடை உடைந்துவிட்டது. இடது கண்ணில் பார்வை போய்விட்டது. நோரா ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். டேனைத் திரும்பி வரும் வழியிலேயே பிடித்தார்கள். இன்ஹேலர் அவன் சட்டைப் பையில் இருந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை.

இப்படிப்பட்ட வன்முறைக்கு எங்கள் லீக்கில் இடமே இல்லை என்று அன்று மாலை அறிக்கை வந்தது. அணியின் சார்பிலும் ஒன்று வந்தது: அதிர்ச்சி, வேதனை, பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு எங்கள் எண்ணங்கள். அதை எழுதியது நான். நன்றாக வந்திருந்தது. பிறகு உங்கள் ஆட்கள் போன்களைப் பார்த்ததும், ஓர் ஊழியர் தன்னிச்சையாக நடந்துகொண்டதற்காக அணி அதிர்ச்சியும் வேதனையும் தெரிவித்தது. அதே அறிக்கைதான். டேன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். ஒரு காற்புள்ளிகூட மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோற்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாத்திரத்தோடுதான் போனேன். தாடைக்குக் கம்பி கட்டியவளுக்குக் கோழி கொண்டுபோன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வாசலில் அவள் அக்கா நின்றிருந்தாள். பாத்திரத்தை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பாத்திரத்தோடு குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"அவளால மெல்ல முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

உள்ளே ஆட்ரா என்னைப் பார்த்துவிட்டாள். கை காட்டிக் கூப்பிட்டாள். பல்லைத் திறக்காமல், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நீங்க வர்றீங்கன்னு நோராவுக்குத் தலை வாரி விட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

தெரிந்தே செய்தீர்களா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். உங்கள் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது, நீங்களும் அந்தப் பயிற்சியை முடித்திருப்பீர்கள் போல. சமாதானம் செய்து வைக்கப் பார்த்தேன் என்று சொல்லலாம் என்றிருந்தேன். குழந்தைக்கு மருந்து அவசரம் என்று சொல்லலாம். ரஸ் சொன்னார் என்று சொல்லலாம், அவர் சொல்லவில்லையே. அரையிறுதிக்காக என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் மன்னித்துவிடுவார்கள். ஆனால் எனக்கு ஆட்டமே புரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தெரியும். அவன் அடிப்பான் என்று தெரியும். என்னைக் கூப்பிடாமல் போனதற்கு அவள் கொஞ்சம் பட்டால் திரும்ப என்னிடம்தான் வருவாள் என்று நினைத்தேன். இவ்வளவு அடிப்பான் என்று நினைக்கவில்லை. வழக்கமான அளவுதான் நினைத்தேன். பாப்ரிகாஷுக்குக் கோழிகூட வாங்கி வைத்திருந்தேன்.

எல்லாம் எழுதிவிட்டீர்களா? அப்படியென்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு நியாயமாக இருக்கட்டும்: இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த எந்தப் பெண்மேலும் நான் கை வைத்ததில்லை.